ஊசியும் ஏடும்

யயாதியின் கதை நமக்கெல்லாம் பழக்கமானது. சுக்கிராசாரியார் கொடுத்த சாபத்தினால் ஒரே நாளில் கிழவனாகிப் போன அரசன், தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, தன் முதுமையை வாங்கிக்கொண்டு இளமையைத் தரும்படி கேட்டான். மூத்தவர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசிப் பிள்ளையான பூரு மட்டும் சம்மதித்தான். ஆயிரம் ஆண்டுகள் சுகம் அனுபவித்த பிறகு, ஆசைக்கு முடிவே இல்லை என்று கண்ட யயாதி, வாங்கிய இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்தான்.

ஆசையைப் பற்றிய நீதி என்று இதைச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆனால் இந்தக் கதையில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் கணக்கு சுத்தமாக இருந்தது. கொடுத்தவன் இன்னான், வாங்கியவன் இன்னான், கொடுத்த பொருள் இது, தவணை இவ்வளவு என்று எல்லாம் தெரிந்து நடந்தது. பூரு ஏமாறவில்லை. தான் எதை இழக்கிறோம் என்பதை அறிந்துதான் தலையை ஆட்டினான்.

இன்றைக்கு இளமையும் வலிமையும் ஊசி முனையில் விலைக்குக் கிடைக்கின்றன. கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் சிட்டிகை வெள்ளைத் தூள். தண்ணீர் விட்டுக் கரைத்துத் தோலுக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டியது. அந்தத் தூளுக்குப் பெப்டைட் என்று பெயர். ஒரு குப்பி தசையை வளர்க்கும் என்கிறார்கள். இன்னொரு குப்பி கிழிந்த தசைநாரை விரைவில் சேர்த்துவிடும் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால், உழைப்பதற்கும் உழைத்த காயம் ஆறுவதற்கும் ஒரே வழியில் வகை செய்தாயிற்று என்பது வாங்குகிறவர்களுடைய கணக்கு.

ஆனால் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். "ஆராய்ச்சி உபயோகத்துக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல" என்று அதில் அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர் மனிதர். போட்டுக்கொள்கிறவரும் மனிதர். அப்படியானால் ஆராய்ச்சி செய்கிறவர் யார்? முடிவை அவர் எந்த ஏட்டில் எழுதி வைக்கிறார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

*

1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி. பாரிஸ் நகரத்தில் உயிரியல் சங்கத்தின் கூட்டம். பேச எழுந்தவருடைய பெயர் பிரௌன் செக்கார். அப்போது அவருக்கு வயது 72. நம்மவர்களும் குடியேறி வாழும் மொரிஷியஸ் தீவில் 1817-இல் பிறந்தவர். தந்தை அமெரிக்கர், கப்பல் தலைவர்; மகன் முகத்தைப் பார்க்காமலே மறைந்துபோனார். தாய் பிரெஞ்சு வம்சம். தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் சேர்த்துக்கொண்டுதான் அவர் பிரௌன் செக்கார் ஆனார். முதுகுத் தண்டைப் பற்றி அவர் கண்டறிந்த உண்மைகள் இன்றும் வைத்திய மாணவர்களின் பாடத்தில் இருக்கின்றன. புகழ்பெற்ற கிளாட் பெர்னார்டுக்குப் பிறகு அவருடைய பேராசிரியர் பீடத்தில் அமர்ந்தவரும் இவரே. ஆகவே சபையில் இருந்தவர்கள் மரியாதையோடு காதைக் கொடுத்தார்கள்.

கிழவர் சொன்ன செய்தி அவர்களைத் தூக்கிவாரிப் போட்டது. திடகாத்திரமான ஒரு நாயின் விரையை நசுக்கிய சாறு, அந்த உறுப்பிலிருந்து வரும் ரத்தம், விந்து, இந்த மூன்றையும் தண்ணீரில் கலந்து வடிகட்டித் தம் தோலுக்கடியில் தாமே ஊசியால் ஏற்றிக்கொண்டதாக அவர் சொன்னார். பிறகு கினிப் பன்றிகளின் உறுப்புகளையும் அதேபோல உபயோகித்தார். பலன்? சோதனைச் சாலையில் சிறிது நேரம் நின்றாலே உட்கார வேண்டியிருந்தவரால் மணிக்கணக்கில் நின்றுகொண்டு வேலை செய்ய முடிந்ததாம். மாடிப் படியில் ஓடி ஏறினாராம். முன்கையின் பலத்தைக் கருவி வைத்து அளந்ததில் ஆறு ஏழு கிலோ கூடியிருந்ததாம். சிறுநீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதைக்கூட அந்த மனிதர் விட்டுவைக்கவில்லை. அளந்து எழுதியிருந்தார்.

வைத்திய உலகத்தில் ஒரு பகுதி சிரித்தது. இன்னொரு பகுதி ஊசியை எடுத்துக்கொண்டு ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பட் கால்வின் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர், ஒரு வைத்தியக் கல்லூரியில் அந்தச் சாற்றைப் போட்டுக்கொண்டார். அவர் பந்து எறிபவர். மறுநாள் அவருடைய கட்சி ஜெயித்தது. பத்திரிகைகள் சாற்றுக்குப் புகழ் பாடின. விளையாட்டில் பலத்துக்காக ஊசி போட்டுக்கொண்ட முதல் மனிதர்களில் ஒருவர் என்று கால்வினைச் சரித்திரம் குறித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. தடைச் சட்டமும் கிடையாது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1896-இல், ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இரண்டு பேர் இதை இன்னும் ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். ஒருவர் ஆஸ்கர் சோத். மற்றவர் பிரிட்ஸ் பிரெகல். காளையின் விரைச் சாற்றைத் தங்களுக்கே ஏற்றிக்கொண்டு, நடுவிரலால் கனத்தைத் தூக்கித் தூக்கி, களைப்பு எப்போது வருகிறது என்று கருவியில் பதிவு செய்தார்கள். பலம் கூடுகிறது என்று அவர்களுக்கும் தோன்றியது. விளையாட்டு வீரர்களின் பயிற்சியில் இதை மேலும் ஆராயலாம் என்று சோத் யோசனையும் சொன்னார். அந்த யோசனை பின்னால் என்ன வடிவம் எடுக்கப் போகிறது என்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். பிரெகலுக்கு 1923-இல், வேறொரு ரசாயன ஆராய்ச்சிக்காக, நோபல் பரிசு கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிரௌன் செக்காரின் சாற்றில் உண்மையில் என்ன இருந்தது? 2002-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய டாக்டர்கள் சிலர் அவர் எழுதி வைத்த முறைப்படியே சாறு தயாரித்துச் சோதித்தார்கள். ஆண் தன்மைக்குக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் என்ற பொருள் அதில் இருந்தது. ஆனால் உடம்பில் எந்தப் பலனையும் உண்டாக்கப் போதாத அளவு அற்பமாக இருந்தது. அது எண்ணெய்ப் பசையோடு சேரும் சரக்கு. தண்ணீரில் இறங்குவது அபூர்வம். கிழவரை மாடிப்படியில் ஓட வைத்தது அவருடைய நம்பிக்கைதான்.

அவர் ஏமாந்தார் என்பது வாஸ்தவம். ஆனால் அவருடைய ஏமாற்றத்தை 113 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள் நிரூபிக்க முடிந்ததே, அது எப்படி? எந்தப் பிராணி, எந்த உறுப்பு, எவ்வளவு தண்ணீர், எத்தனை ஊசி, எந்த நாளில் என்ன மாறுதல் என்று அத்தனையையும் அவர் எழுதி வைத்திருந்தார். மனத்தின் எண்ணமே இப்படிச் செய்கிறதோ என்ற சந்தேகத்தையும் அவரே எழுப்பியிருந்தார். ஊசி பொய்த்துவிட்டது, ஏடு பொய்க்கவில்லை.

*

அவருடைய சாறு பயனற்றது என்றாலும், உறுப்புகள் ரத்தத்தின் வழியே ஒன்றுக்கொன்று தூது அனுப்புகின்றன என்ற எண்ணம் சரியானதே. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவரும் அந்தத் தூதர்களில் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். சிறுகுடலின் உட்சுவரிலிருந்து புறப்பட்டு ரத்தத்தின் வழியே கணையத்துக்குப் போய், "உணவு வந்துவிட்டது, ஜீரண நீரை அனுப்பு" என்று கட்டளையிடும் பொருள் அது. செக்ரெட்டின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1905-இல் ஸ்டார்லிங் இத்தகைய தூதர்களுக்கெல்லாம் ஹார்மோன் என்ற பொதுப் பெயரைக் கொடுத்தார்.

அந்தக் காலத்திலேயே ஜெர்மனியில் எமில் பிஷர் என்ற ரசாயன மேதை, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்துச் சிறு சங்கிலிகள் செய்துகொண்டிருந்தார். பெப்டைட் என்ற சொல் அவர் கொடுத்தது. செக்ரெட்டினும் இப்படிப்பட்ட ஒரு மணிமாலைதான் என்று பிற்பாடு தெரிந்தது. இன்சுலின் 51 மணிகள் கோத்த மாலை. மூளையின் அடியில், பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன் 191 மணிகள் கொண்டது. மணிகளின் வரிசையில்தான் மந்திரம் இருக்கிறது.

இன்சுலின் கதையிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன். 1922 ஜனவரி 11-ஆம் தேதி, கனடாவில் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில் லியனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு, பான்டிங்கும் பெஸ்டும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை ஏற்றினார்கள். நீரிழிவினால் எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்த பையன். ரத்தத்தில் சர்க்கரை 440-லிருந்து 320-க்கு இறங்கியது. ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது. இறங்கிவிட்டதே என்று அவர்கள் கொண்டாடியிருக்கலாம். பெற்றோர்கள் கெஞ்சியிருந்தால் தொடர்ந்திருக்கலாம். ஆனால் நிறுத்திவிட்டார்கள். சாற்றில் அழுக்கு இருக்கிறது என்று ஏடு சொன்னது. கோலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் தேதி மறுபடியும் ஊசி போட்டார்கள். இந்தத் தடவை 520-லிருந்து 120-க்கு இறங்கியது. பையன் பிழைத்துக்கொண்டான், மேலும் பதின்மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தான்.

நடுவில் கழிந்தவை பன்னிரண்டே நாட்கள். சாகக் கிடக்கிற பிள்ளை விஷயத்தில்கூடப் பன்னிரண்டு நாள் பொறுத்தார்கள். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு அந்தப் பொறுமைதான் பொருள்.

*

அடுத்த கதை அவ்வளவு சந்தோஷமானது அல்ல.

பிட்யூட்டரி சரியாக வேலை செய்யாத குழந்தைகள் வளரமாட்டார்கள். பத்து வயதில் நாலு வயதுக் குழந்தை உயரம் இருப்பார்கள். மாட்டின் இன்சுலின் மனிதனுக்கு ஆகும். மாட்டின் வளர்ச்சி ஹார்மோனோ மனிதனிடம் வேலை செய்யாது. மனிதனுடையதே வேண்டும். ஆகவே இறந்தவர்களின் மூளையடியிலிருந்து சுரப்பியை எடுத்து ஹார்மோனைப் பிரித்தார்கள். 1958-இல் பாஸ்டன் நகரத்தில் மாரிஸ் ரேபன் என்ற டாக்டர், அப்படி எடுத்த மருந்தினால் 17 வயதுப் பையன் ஒருவன் வளர்ந்ததாக அறிவித்தார். பெற்றோர்களின் மனத்தில் எப்படிப்பட்ட நம்பிக்கை பிறந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1963-இல் அமெரிக்க சர்க்கார் இதற்கென்றே ஒரு தேசிய ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. பிரிட்டனும் பிரான்ஸும் தங்கள் தங்கள் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. ஆயிரக்கணக்கான பிரேதங்களின் சுரப்பிகளை ஒன்றாகக் கலந்து மருந்து தயாரித்தார்கள். குழந்தைகள் வளர்ந்தார்கள். கல்யாணம் ஆயிற்று, வேலைக்குப் போனார்கள்.

1984-ஆம் ஆண்டின் இறுதியில் கலிபோர்னியாவில், குழந்தைப் பருவத்தில் இந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு வாலிபர் இறந்துபோனார். முதலில் நடை தள்ளாடியது. பிறகு பேச்சு குழறியது. பிறகு மூளை முழுவதும் கெட்டது. க்ராய்ட்ஸ்பெல்ட் ஜேக்கப் என்ற அபூர்வ வியாதி. வயோதிகர்களுக்கு, பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருவது. இருபது வயது இளைஞனுக்கு எப்படி வந்தது? அவருடைய டாக்டர் சந்தேகப்பட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். வேறு சிலரும் அதே விதமாக இறந்திருப்பது வெளிப்பட்டது. அந்த வியாதி கொண்ட யாரோ ஒருவருடைய சுரப்பி, ஆயிரத்தோடு ஆயிரமாக அந்தக் கலவையில் சேர்ந்திருந்தது. 1985-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மருந்தை நிறுத்தின. அதே ஆண்டு அக்டோபரில், பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த, பிரேதத்தின் சம்பந்தமே இல்லாத வளர்ச்சி ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் முன்பே போட்ட ஊசி போட்டதுதான். முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு கழித்தும் சிலரை அந்த வியாதி தேடி வந்தது. உலகம் முழுவதும் 200-க்கு மேற்பட்டவர்கள் இதனால் மாண்டார்கள்.

இந்தத் துக்கத்திலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த மருந்தைப் பெற்றவர்கள் சுமார் 7,700 பேர். பிரிட்டனில் 1,800-க்குச் சற்று அதிகம். இந்த எண்ணிக்கை நமக்கு எப்படித் தெரியும்? யாருக்கு, எந்த ஆண்டு, எந்த முறையில் தயாரித்த மருந்து போயிற்று என்று ஏடு இருந்தது. அதனால்தான் அவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடித்து எச்சரிக்க முடிந்தது. ரத்ததானம் செய்யாதே என்று சொல்ல முடிந்தது. அடுத்து வரக்கூடிய நோயாளிகளைக் காக்க முடிந்தது.

ஆனால் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களில் இதே பிரேத ஹார்மோன் இரகசியமாகக் கைமாறிக்கொண்டிருந்தது. நல்ல உயரமும் ஆரோக்கியமும் உள்ள வாலிபர்கள் தசை பெருக்கவேண்டும் என்று அதை வாங்கி, ஸ்டீராய்டு மருந்துகளோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது. 1985-இல் அபாயச் சங்கு ஊதியபோது அவர்களுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? எந்த விலாசத்துக்கு?

1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய கனடா வீரர் பென் ஜான்ஸனின் தங்கப் பதக்கம் மூன்றே நாளில் பறிபோனதை உலகம் அறியும். அவர் அகப்பட்டது ஸ்டீராய்டினால். மறு ஆண்டு கனடாவில் நீதிபதி டியூபின் நடத்திய விசாரணையில்தான், வளர்ச்சி ஹார்மோனும் கூடவே உபயோகமானது வெளிவந்தது. சோதனைக் கூடம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒலிம்பிக்கில் அதற்கான ரத்தப் பரிசோதனை 2004-இல்தான் வந்தது. மனிதர்கள் வாயைத் திறந்ததால் தெரிந்தது.

*

பலத்துக்கு ஒரு பெப்டைட் என்ற ஆசை இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது, காயத்துக்கு ஒரு பெப்டைட் என்ற ஆசையும் பக்கத்தில் முளைத்தது. கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்த தைமோசின்களில் பீட்டா 4 என்பது 43 மணிகள் கொண்டது. காயம் பட்ட இடத்துக்கு உயிரணுக்கள் நகர்ந்து வருவதற்கு அது உதவுகிறது. 1990-களில் குரோஷியாவின் சாக்ரெப் நகரத்திலிருந்து இன்னொன்று வந்தது. பிபிசி 157 என்று பெயர், 15 மணிகள். இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொன்னார்கள். குதிகால் நரம்பை அறுத்த எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது விரைவில் ஆறிற்று என்று கட்டுரைகள் வெளியாயின. எலிகளைப் பற்றிக் கட்டுரைகள் ஏராளம். மனிதர்களைப் பற்றியோ விரல் விட்டு எண்ணலாம். மனிதருக்கான மருந்தாக ஒப்புதல் பெறாத பொருள் என்ற காரணத்துக்காக, 2022-இல் உலக ஊக்கமருந்து தடுப்பு ஸ்தாபனம் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன, நல்லது இரண்டு சேர்ந்தால் கெட்டதா என்று கேட்கலாம். நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் பார்க்கலாம். ஜலதோஷம் பிடித்தவருக்குப் பாட்டி சுக்கு, மிளகு, திப்பிலி போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். மகன் கடையிலிருந்து மாத்திரை வாங்கி வருகிறான். மருமகள் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவிடுகிறாள். மூன்றாம் நாள் ஜலதோஷம் போய்விடுகிறது. கஷாயத்தாலா, மாத்திரையாலா, ஓய்வாலா, அல்லது தானாகவே போகிற நாள் வந்து போயிற்றா? வீட்டில் மூன்று பேரும் வெற்றி தங்களுடையது என்பார்கள். ஜலதோஷத்தில் இந்தத் தகராறு வேடிக்கை. ஊசியில் அப்படி அல்ல.

இரண்டு பொருள்களைச் சேர்த்து ஆராய வேண்டுமானால், ஒன்றுமே பெறாத கூட்டம், முதலாவதை மட்டும் பெற்ற கூட்டம், இரண்டாவதை மட்டும் பெற்ற கூட்டம், இரண்டையும் பெற்ற கூட்டம் என்று நான்கு வேண்டும். யார் எதைப் பெற்றார் என்பது பெற்றவருக்கும் தெரியக் கூடாது; கொடுத்தவருக்கும் தெரியக் கூடாது. பிரௌன் செக்காரை மாடிப்படி ஏற்றிய நம்பிக்கை நம்மையும் ஏற்றிவிடாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. புண்ணை ஆற்ற வரும் புதிய ரத்தக் குழாய்கள், உடம்பில் எங்கேனும் கட்டி ஒளிந்திருந்தால் அதற்கும் தீனி போடுமோ என்ற கவலையும் உண்டு. அதற்கு விடை ஒரு வாரத்தில் வராது. பல ஆண்டு காத்திருந்து, ஏட்டைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

*

கடைசியாக ஒரு கதை. இது நடந்தது ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரத்தில்.

எஸண்டன் என்பது அந்த நாட்டுக் கால்பந்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட பெருமையுள்ள கழகம். 2012-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன்பு அந்தக் கழகத்தில் புதிய விளையாட்டு விஞ்ஞானத் திட்டம் ஒன்று தொடங்கியது. ஆட்டக்காரர்கள் உடம்பு வலுக்க வேண்டும். அடிபட்டால் சீக்கிரம் தேறவேண்டும். அவர்களிடம் சம்மதச் சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தச் சீட்டில் ஏஓடி 9604 என்று ஓர் ஊசி; தைமோசின் என்று ஓர் ஊசி; இவற்றோடு சீம்பாலும் நெருஞ்சிச் சத்தும் வேறு. ஏஓடி என்பது வளர்ச்சி ஹார்மோன் சங்கிலியின் வால் துண்டு. உடல் பருமனுக்கு மருந்தாகச் சோதித்து, சரிப்படாமல் 2007-இல் கைவிட்ட சரக்கு. பலத்துக்கு ஒன்று, தேறுவதற்கு ஒன்று என்ற அதே கலவைதான் இங்கேயும்.

முதல் 9 ஆட்டங்களில் 8-இல் எஸண்டன் ஜெயித்தது. ஊரெல்லாம் புகழ்ந்தது. பிறகு என்ன ஆயிற்றோ, ஒருவர் பின் ஒருவராகத் தசை கிழிந்து படுத்தார்கள். மீதி 13 ஆட்டங்களில் 3-இல்தான் வெற்றி. ஊசியால் ஜெயித்தார்கள் என்று சொல்லவும் முடியாது. ஊசியால் படுத்தார்கள் என்று சொல்லவும் முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் கதையே இருக்கிறது.

2013 பிப்ரவரியில் கழகமே அதிகாரிகளிடம் சென்று தன்னைப் பற்றித் தெரிவித்துக்கொண்டது. விசாரணை நடந்தது. எத்தனை ஊசி, எந்த நாளில், யாருக்கு, எந்தக் குப்பியிலிருந்து என்று கேட்டார்கள். ஒழுங்கான ஏடு இல்லை! கழகம் தானே நியமித்த ஸ்விட்கௌஸ்கி என்ற நிர்வாக நிபுணரும், மருந்துப் பரிசோதனை போல ஒன்று கட்டுப்பாடும் பதிவும் இல்லாமல் நடந்திருக்கிறது என்றே அறிக்கை கொடுத்தார். சம்மதச் சீட்டில் தைமோசின் என்று மட்டும் இருந்தது. தைமோசின்களில் ஆல்பாவும் உண்டு, பீட்டாவும் உண்டு. பீட்டா 4 தடை செய்யப்பட்டது. கையெழுத்துப் போட்ட வாலிபர்களுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

2015 மார்ச்சில் உள்நாட்டு நடுவர் குழு, தடைப்பட்ட மருந்து ஏறியது என்பது திருப்திகரமாக நிரூபணம் ஆகவில்லை என்றது. 2016 ஜனவரியில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அந்நாளைய ஆட்டக்காரர்கள் 34 பேரும் குற்றவாளிகள் என்று இரண்டாண்டுத் தடை விதித்தது. முன்னரே கழிந்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோதிலும் 2016-ஆம் ஆண்டுப் பருவம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. அணித் தலைவர் ஜோப் வாட்ஸன் 2012-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெற்ற பதக்கமும் கைவிட்டுப் போயிற்று. இரண்டு தீர்ப்புகளில் எதை ஒப்புக்கொண்டாலும் ஒரு விஷயம் மாறாது. நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஏடு ஒன்று இருந்திருந்தால் இரண்டு தீர்ப்புகளுக்கு இடமே இருந்திராது.

தடையையும் பதக்கத்தையும் விட என் மனத்தை உறுத்துவது வேறு. அந்தக் கழகத்தில் இருந்த இளம் ஆட்டக்காரர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். நஷ்டஈடு பிறகு இருக்கட்டும். முதலில் என் உடம்பில் என்ன ஏறியது என்பதற்கான காகிதங்களைக் காட்டுங்கள் என்று கேட்டார். உலகத்தில் இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியுமா? நாளைக்கு இவருக்கு ஒரு நோய் வந்து டாக்டர் விசாரித்தால் என்ன சொல்வார்? பிள்ளை பிறந்து மனைவி கேட்டால் என்ன சொல்வார்? "ஏதோ போட்டார்கள், நல்லதுக்குத்தான் என்றார்கள்" என்பதற்கு மேல் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

சரித்திரம் நமக்கு இரண்டு விதமான மனிதர்களைக் காட்டுகிறது. பாரிஸ் கிழவர் தம் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார். தப்பான முடிவுக்கு வந்தார். ஆனால் தம்மைத் திருத்துவதற்கான ஆயுதத்தை வருங்காலத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறர் உடம்பில் ஊசி போட்டுவிட்டு, எழுதி வைக்காமல் போனவர்கள் சரியோ தப்போ, அதை இனி யாராலும் அறிய முடியாது. பெப்டைட்டுகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. இன்சுலின் இல்லாவிட்டால் நம்மில் எத்தனை குடும்பங்கள் விளக்கிழந்து போயிருக்கும்! காயத்தை ஆற்றும் நல்ல மருந்து நாளைக்கு இந்தச் சிறு மணிமாலைகளிலிருந்தே வரலாம். வந்தால் அது டொராண்டோவின் பன்னிரண்டு நாட்களைப் போன்ற பொறுமையிலிருந்து வரும்.

பிள்ளையின் பயிற்சியாளரோ, சிநேகிதனோ, நல்லெண்ணம் கொண்ட வேறொருவரோ கலவைக் குப்பியோடு வந்து நின்றால், அது வேலை செய்யுமா என்று முதலில் கேட்க வேண்டாம். அதற்குச் செய்யும் என்றுதான் பதில் வரும். பிரௌன் செக்காரும் அப்படித்தான் சொன்னார். இதை எந்த ஏட்டில் எழுதப் போகிறீர்கள், அந்த ஏடு யார் கையில் இருக்கும் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். பூருவுக்குத் தான் கொடுப்பது இன்னதென்று தெரிந்திருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கும் தான் பெறுவது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.